பந்தியும் கூரையும்

(ஒரகடத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கல்லூரி மாணவர் சகோதர சங்கங்களின் சரித்திரம் என்பது எனக்கு அளிக்கப்பட்ட விஷயம். அதனைக் குறித்தளித்த அன்பர்கள், அமெரிக்கக் கலாசாலைகளிலே கிரேக்க எழுத்துக்களைப் பெயராகத் தாங்கி, அவ்வெழுத்துக்களை முகப்பில் பொறித்த மாளிகைகளிலே வாழ்ந்துவரும் சங்கங்களையே மனத்திற்கொண்டிருந்தனர் என்பதை நான் அறிவேன். ஆயினும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையும் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலையும் சந்திக்கின்ற இந்த ஊரிலே நின்றுகொண்டு, கடல்கடந்த தேசத்துச் சங்கங்களை மட்டும் வருணித்துவிட்டு இறங்கிவிடுவது, விருந்துக்கு அழைக்கப்பட்டவன் பக்கத்து வீட்டுச் சமையலைப் புகழ்ந்துவிட்டுக் கைகழுவுவது போலாகும். ஆகையால் அமெரிக்கக் கதையை விரைவாக முடித்துக்கொண்டு, நம் நாட்டிலே மாணவர் ஒருவரையொருவர் சகோதரராகக் கொண்டது எந்தச் சந்தர்ப்பத்தில், எந்தக் கூரையின் கீழ், எந்தப் பந்தியில் என்பதைப் பற்றியே பெரும்பாலும் பேச விரும்புகிறேன்.

1776ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரி மாணவர் சிலர் கூடி ஃபை பீட்டா கப்பா என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தனர். இரகசியப் பிரமாணம், உறுப்பினர் மாத்திரமே அறிந்த கைகுலுக்கல், கிரேக்க வாசகம் ஒன்றின் முதலெழுத்துக்களையே பெயராகச் சூடிக்கொள்ளுதல் ஆகிய சம்பிரதாயங்கள் யாவும் அங்கேயே வேரூன்றிவிட்டன. அச்சங்கம் 1831ஐ ஒட்டி இரகசியத்தைக் கைவிட்டுக் கல்வியிற் சிறந்தோரைக் கௌரவிக்கும் சபையாக மாறிவிட்ட போதிலும், 1825இல் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் எழுந்த கப்பா ஆல்பாவும் அதன் பின்னோரும் இரகசியத்தை மேலும் இறுகப் பற்றிக்கொண்டனர். இந்த வமிசாவளியிலே என் மனத்தைத் தொட்டவை இரண்டே. பென்சில்வேனியாவில் ஜெஃபர்சன் கல்லூரி இருந்த சிற்றூரில் டைபாய்டு சுரம் பரவிய குளிர்காலத்தில், நோயுற்ற சகமாணவரின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருந்த இருவர், அந்தப் பணிவிடையின் நினைவாகவே 1852இல் ஃபை கப்பா சை என்னும் சங்கத்தை நிறுவினர் என்பது ஒன்று. மற்றொன்று கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1904–05ஆம் கல்வியாண்டில் அங்கே பயின்ற கறுப்பின மாணவர் அறுவரில் ஒருவர்கூட மறு ஆண்டு திரும்பி வரவில்லையாம். தங்க இடமில்லை, சேர்ந்து படிக்கத் துணையில்லை, வெள்ளையரின் சங்க மாளிகைகளோ அவர்களுக்குத் திறப்பதில்லை. அதன்பின் வந்த எழுவர், தாமும் அவ்வாறே கலைந்துபோய்விடக் கூடாதென்று 1906 டிசம்பர் 4ஆம் நாள் ஆல்பா ஃபை ஆல்பா என்னும் சங்கத்தை அமைத்தனர். அடைக்கப்பட்ட கதவொன்றின் எதிரே எழுந்த இந்த வீட்டைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். நம் கதையும் அத்தகைய கதவிலிருந்தே தொடங்குகிறது.

இரகசியம் என்று சொன்ன மாத்திரத்தில், ஸ்ரீபெரும்புதூரிலே பிறந்த இராமாநுசரை நினையாமலிருத்தல் இயலாது. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து சென்று, எவர்க்கும் உரைப்பதில்லை என்ற பிரமாணத்தின்மீது பெற்ற மந்திரப் பொருளை, அவர் அடுத்த கணமே ஊரறியச் சொல்லிவிட்டார் என்பது குருபரம்பரை நூல்கள் கூறும் பிரசித்தமான செய்தி. கிரேக்க எழுத்துச் சங்கத்தவர் எவரேனும் இப்படிச் செய்திருப்பாராயின் அன்றே விலக்கப்பட்டிருப்பார். நம்பியோ இவரைத் தழுவிக்கொண்டு 'எம்பெருமானார்' என்று அழைத்தார். ஆனால், அதே நூல்கள் கூறும் இன்னொரு செய்தியை நம் உபந்யாசகர்கள் சற்று வேகமாகவே கடந்துவிடுகிறார்கள். இராமாநுசர் துறவு பூணுமுன், தம் காஞ்சிபுரத்து இல்லத்துக்குத் திருக்கச்சி நம்பியை உணவுக்கு அழைத்திருந்தார். நம்பி உண்டு சென்றவுடனே, அவர் குலத்தைக் கருதி, அவர் அமர்ந்த இடத்தை மெழுகித் துடைத்துத் தலைமுழுகி நின்றாராம் இல்லத்தரசி. மந்திரத்தின் இரகசியத்தை உடைப்பதற்கு ஒருவரின் துணிவு போதுமாயிருந்தது, பந்தியின் விலக்கை உடைப்பதற்கு அது போதவில்லை. தமிழ்நாட்டில் மாணவர் சகோதரத்துவத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், பிரமாணங்களையும் சின்னங்களையும் தேடாமல், யார் யாருடன் அமர்ந்து உண்டனர் என்பதையே தேடவேண்டுமென்று நான் கருதுவது இதனாலேயே.

அவ்வாறு தேடினால் வெகுதூரம் போகவேண்டியதும் இல்லை. இங்கிருந்து வாலாஜாபாத் சென்று, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலை அடைந்தால், அங்கே பெருமாள் கோயிற் சுவரில் வீரராஜேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 950 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தச் சாசனம், அவ்விடத்தில் இருந்த ஒரு கல்விச்சாலையையும், அதனைச் சார்ந்த விடுதியையும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் விவரிக்கிறது. ரிக் வேதம் பயில்வோர், யஜுர் வேதம் பயில்வோர், வியாகரணம் பயில்வோர், ஆகமங்கள் பயில்வோர் என்று விடுதியில் உண்போர் 60 பேருக்கு அரிசியின் அளவு குறிக்கப்பட்டிருப்பதோடு, படுக்கப் பாயும், இரவில் எரிக்க விளக்கெண்ணெயும், சனிக்கிழமைகளில் தலைமுழுக எண்ணெயுங்கூட ஏற்பாடாகியிருக்கின்றன. வைத்தியர் ஒருவர், சல்லியம் செய்வார் ஒருவர், மருந்து கொணர்வோர் இருவர், நோயாளரைப் பார்க்கும் பெண்கள் இருவர் என்று ஆதுலசாலையின் சிப்பந்திகளும் எண்ணிச் சொல்லப்படுகிறார்கள். விடுதி நடத்துவோர் எவரும் ஒருமுறை போய்ப் பார்க்கத்தக்க சாசனம் அது. தனக்குரிய படி எவ்வளவு என்பதை மாணவன் மடைப்பள்ளிக்காரரைக் கேட்க வேண்டியதில்லை, கோயிற் சுவரிலே படித்துக்கொள்ளலாம். ஆனால், அச்சுவரிலேயே இன்னொன்றும் எழுதாமல் எழுதப்பட்டிருக்கிறது. வேதமும் வியாகரணமும் பயிலும் உரிமை எவர்க்கிருந்ததோ அவர்க்கே அந்தப் பாய், அந்த எண்ணெய். திருமுக்கூடலின் கழனிகளில் அந்த நெல்லை விளைவித்தவனின் மகனுக்கு அவ்விடுதியில் இடமில்லை.

இனி, சென்னைப் பட்டணத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், கோயம்புத்தூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ உயர்கல்விக்காக வந்து சேர்ந்த ஓர் இளைஞனுக்கு, பாடத்தைக் காட்டிலும் கடினமாயிருந்தது சாப்பாடு. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் இருந்த உணவுச்சாலைகளிற் பல, பிராமணரல்லாதாரை உள்ளே அமர்த்திப் பரிமாறுவதில்லை. உறவினர் வீடு பட்டணத்தில் உள்ளவன் பிழைத்தான், இல்லாதவன் திண்டாடினான். கல்லூரிப் பிரவேசம் கிடைத்தும் தங்க இடமின்றி ஊருக்குத் திரும்பிய பிள்ளைகள் உண்டு. இந்த அவஸ்தையைத் தம் வைத்தியசாலையின் வாயிலிலேயே தினந்தோறும் கண்டவர் திருவல்லிக்கேணி மருத்துவர் சி. நடேசனார். 1912இல் அரசாங்க ஊழியர் சிலருடன் சேர்ந்து அவர் தொடங்கிய சென்னை ஐக்கிய சங்கம், பின்னர் சென்னைத் திராவிடர் சங்கம் என்று பெயர் பெற்றது. 1916ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் சார்பாகத் திருவல்லிக்கேணியிலேயே திராவிடர் இல்லம் என்னும் மாணவர் விடுதியை அவர் நிறுவினார்.

நீதிக்கட்சியின் சரித்திரத்தை எழுதியோர், 1916 நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்ற பெயரில் அக்கட்சி தோன்றியதையும், டிசம்பரில் தியாகராயச் செட்டியார் பெயரால் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கையையும் பக்கம் பக்கமாக விவரித்துவிட்டு, இந்த இல்லத்தை ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். என் அபிப்பிராயம் அதற்கு மாறானது. அறிக்கையைப் படித்தவர்கள் எத்தனை பேர் மனம் மாறினார்களோ, அதை எவரும் அளந்து சொல்ல முடியாது. இல்லத்தில் உண்டு உறங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பதையோ கண்கூடாகக் காணலாம். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியாரும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான டி. எம். நாராயணசாமிப் பிள்ளையும் அந்தக் கூரையின் கீழ் இருந்தவர்கள். அவர்களுக்குள் இரகசியக் கைகுலுக்கல் ஏதும் இருந்ததில்லை. வெவ்வேறு சாதியில், வெவ்வேறு ஜில்லாவில் பிறந்த இளைஞர்கள் ஒரே வரிசையில் இலைபோட்டு உட்கார்ந்தார்கள். மாலையில் இலக்கியக் கூட்டம் நடத்தினார்கள். நடேசனாரின் சங்கம் புதிதாகப் பட்டம் பெற்றோரை அழைத்து உபசரித்தது. கார்னெலில் எழுவர் கூடியதற்கும் திருவல்லிக்கேணியில் இந்த இல்லம் எழுந்ததற்கும் இடையே பத்தாண்டுகளும் இரண்டு சமுத்திரங்களும் இருந்தன, ஒன்றைப் பற்றி மற்றொன்று கேள்விப்பட்டிருக்கவும் இடமில்லை. ஆயினும் இரண்டின் ஜாதகமும் ஒன்றே.

அதே 1916ஆம் ஆண்டில், சிதம்பரத்திலே சுவாமி சகஜானந்தர் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கென்று நந்தனார் பெயரால் கல்விச்சாலை தொடங்கினார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். தனியாக ஒரு வாயில் ஏன் வேண்டியிருந்தது என்று கேட்டால், மூடிய கதவை எதிர்த்துக் கட்டப்பட்ட வீடுகளும் தமக்கென்று ஒரு கதவை வைத்துக்கொண்டன என்பதே விடை. பிறகு வந்த பத்தாண்டுகளில் ஒவ்வொரு வகுப்பாரும் தத்தம் பிள்ளைகளுக்கென்று விடுதி கட்டினர். அவற்றால் ஆயிரக்கணக்கானோர் படித்தனர் என்பதும் மெய், அங்கே பழகியவர்கள் தம்மவரை மட்டுமே அறிந்து வெளியேறினர் என்பதும் மெய். வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில், தேசபக்தர் பலர் கொடுத்த பொருளைக்கொண்டு எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக வளர்க்கப்பட்ட இடத்தில், பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே உணவு பரிமாறியது 1924–25இல் காங்கிரஸையே உலுக்கிற்று. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் அதை விடாமல் எதிர்த்ததை, வெறும் சோற்றுச் சண்டை என்று அன்று சிலர் எள்ளி நகையாடினர். எள்ளியவர்களுக்கு மாணவப் பருவம் எப்படிப்பட்டதென்று தெரியவில்லை. பதினான்கு வயதுப் பையன் பாடத்தில் கற்ற சமத்துவத்தை நம்பமாட்டான், பந்தியில் கண்டதையே நம்புவான். அரசாங்கமும் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று தனித்தனிப் பலகைகளின் கீழேயே வெகுகாலம் விடுதிகளை நடத்திவந்து, 2025ஆம் ஆண்டிலேதான் யாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்ற ஒரே பெயரை அறிவித்தது. பலகையை மாற்றுவதற்கே நூறாண்டு சென்றிருக்கிறது.

பெண்மக்களின் கதை இதனினும் கடினமானது. 1911இல் பட்டம் பெற்ற ஆர். எஸ். சுப்பலட்சுமி அம்மையார், தாமே பால்ய விதவை; தம்மைப் போன்ற சிறுமிகளைச் சேர்த்துப் படிக்கவைக்க அவர் தொடங்கிய இல்லம், பின்னர் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று வழங்கிய கட்டடத்திலே நடைபெற்றது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய அந்த வட்டமான மாளிகையிலிருந்து, தலைமழிக்கப்படாத விதவைப் பெண்கள் புத்தகத்தோடு வெளியே நடந்து வந்ததை அக்காலத்து வைதிகர் எவ்வாறு நோக்கியிருப்பர் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. 1930ஐ ஒட்டி, தேவதாசிக் குலத்துப் பெண்பிள்ளைகள் சிலர் முத்துலட்சுமி ரெட்டியாரின் வீட்டுக் கதவைத் தட்டினர். வேறு எங்கும் சேர்த்துக்கொள்ளப்படாத அவர்களை வைத்துக்கொண்டே டாக்டர் அம்மையார் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

இங்கிருந்து படப்பை வழியாகக் கிழக்கே சென்றால் தாம்பரத்தை அடைகிறோம். 1837இல் பள்ளியாகத் தொடங்கி, வில்லியம் மில்லரின் காலத்தில் பெருங்கல்லூரியாக வளர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி, சரியாக நூறாண்டு கழித்து, 1937இல், பட்டணத்து நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் ஹாக் துரை முதல்வர். அங்கே சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று மூன்று விடுதிகள் எழுந்தன. முதலாவது பக்கத்துக் கிராமத்தின் பெயர். இரண்டாவது பரங்கிமலைக்குரிய அப்போஸ்தலரின் பெயர். மூன்றாவது 1826இல் திருச்சிராப்பள்ளியிலே நீராடும்போது மாண்ட கல்கத்தா பிஷப்பின் பெயர். அமெரிக்கச் சங்கங்களுக்கு நெருங்கிய ஒப்புமை நம் நாட்டில் உண்டென்றால் அது இந்த ஹால்கள்தாம். விடுதியில் தங்காத மாணவனும் ஏதேனும் ஒரு ஹாலைச் சேர்ந்தவனாகக் கருதப்பட்டான். விளையாட்டு, நாடகம், பாட்டு எதுவானாலும் ஹாலுக்கு ஹால் போட்டி. ஹால் டே வந்துவிட்டால் தலைநரைத்த நீதிபதியும் மாவட்ட ஆட்சியரும் பழைய அறை எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. இன்னாரைச் சேர்ப்பது, இன்னாரை விலக்குவது என்று வாக்களித்துத் தேர்ந்துகொள்ளும் அதிகாரம் இங்கே மாணவரிடம் இல்லை. யார் அறையில் யார் வந்து விழுந்தாலும் அவனோடு வாழக் கற்றுக்கொள்ள வேண்டியதே. சகோதரனை எவரும் தேர்ந்தெடுத்துக்கொள்வதில்லை என்ற காரணத்தால், அமெரிக்க மாளிகைகளைவிட இந்த ஹால்களே அப்பெயருக்கு அதிகத் தகுதியுடையன என்பது என் எண்ணம்.

நம் விடுதிகளின் உள்வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது ஹால் டேயையோ கோப்பைகளையோ அன்று. டிவைடிங் சிஸ்டம் என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதைத்தான். மாதம் முழுவதும் ஆன அரிசி, பருப்பு, காய்கறி, விறகு, சமையற்காரர் சம்பளம் யாவற்றையும் கூட்டி, உண்டவர் தலைக்கு வகுத்து, இன்ன மாதத்துக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். மெஸ் ரெப் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டாம் ஆண்டு மாணவன், விடியற்காலையில் சமையற்காரரோடு சந்தைக்குச் சென்று வெங்காயத்தின் விலை பேசுவான். அந்த மாதம் படி ஏறிவிட்டால் நூற்றைம்பது பேர் அவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். ஊருக்குப் போன ஐந்து நாளுக்கு மெஸ் கட் ஏன் போடவில்லை என்று ஒருவன் சண்டைக்கு வருவான். பிற்காலத்தில் கூட்டுறவுச் சங்கத்தையோ பஞ்சாயத்தையோ நடத்தியவர் பலர் தம் பாலபாடத்தை அந்த வெங்காயக் கணக்கிலேயே கற்றார்கள். காண்டிராக்டரிடம் மெஸ்ஸை ஒப்படைத்துவிட்டு நிர்வாகத்தார் நிம்மதியாக இருக்கின்ற இந்நாளில், பிள்ளைகளுக்குச் சமையலும் மிஞ்சவில்லை, சண்டையும் மிஞ்சவில்லை.

சகோதரத்துவத்தின் கறுத்த முகத்தையும் காட்டாமல் விடுவது நேர்மையாகாது. மூத்தவன் இளையவனைச் சீண்டிப் பார்ப்பது விளையாட்டு என்று வெகுகாலம் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். 1996ஆம் ஆண்டில், ஒரு பல்கலைக்கழக மருத்துவ விடுதியில் முதலாண்டு மாணவர் ஒருவர் கொலையுண்ட பின்னரே தமிழகம் திடுக்கிட்டு விழித்தது. 1997இல் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. உச்சநீதிமன்றத்தின் கவனிப்பில் ராகவன் குழு ஆராய்ந்து கூறியதைத் தொடர்ந்து 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. விடுதிக்குள் இடம் வாய்க்காத பிள்ளைகளோ வேறொரு கூரையைத் தேடிக்கொண்டனர், பேருந்தின் கூரையை. திருத்தணி, கும்மிடிப்பூண்டி, பூந்தமல்லி வழிகளிலிருந்து நாள்தோறும் வந்துபோகும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சென்னைக் கல்லூரிகளில் அறையும் இல்லை, ஹாலும் இல்லை. வந்த வழியே அவர்களுக்குக் குலமாயிற்று, படிக்கட்டில் முன்னின்றவன் ரூட்டு தல ஆனான், பஸ் டே அவர்களின் ஹால் டே ஆயிற்று. கானாப் பாட்டும் மாலையும் நடத்துநருக்குப் பொன்னாடையுமாக இருந்த அந்த விழா, கத்தியும் கல்லுமாகத் திரிந்து, 2011இல் நீதிமன்றத் தடையில் வந்து நின்றது. தடையையும் மீறி 2019 ஜூனில் பேருந்தின் மேலிருந்து கொத்தாக விழுந்த பிள்ளைகளை நாடே திரையில் கண்டது. காவல்துறை அவர்களிடம் நன்னடத்தை உறுதிமொழி எழுதி வாங்குவது அவசியமே. ஆனால், ஹால்களில் வாழ்ந்தவர்களின் குறும்பை நினைவுமலரில் அச்சிட்டுப் பாராட்டும் நாம், கூரை கிடைக்காதவர்களின் சகோதரத்துவத்தைக் காவல்நிலையத்துப் பதிவேட்டில் மட்டும் எழுதிவைத்திருக்கிறோம்.

இனி இந்த ஊருக்கு வருகிறேன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியது முதல், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் ஆலை எழுந்து, டெய்ம்லரும் ராயல் என்ஃபீல்டும் தொடர்ந்து, ஏரிப்பாசன நிலமெல்லாம் சிப்காட் தொழிற்பேட்டை ஆகிவிட்ட இந்த இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளில், தமிழ்நாட்டின் மிகப்பெரிய மாணவர் விடுதி எது என்று கேட்டால் நான் இந்த வட்டாரத்தைத்தான் சுட்டுவேன். பாலிடெக்னிக்கையோ பன்னிரண்டாம் வகுப்பையோ முடித்த கையோடு டிரெயினியாக வந்து, மாத்தூரிலும் வல்லத்திலும் படப்பையிலும் அட்வான்ஸ் கொடுத்து ஓர் அறையை ஐவராக எடுத்து, ஒரு குக்கரும் ஒரு சிலிண்டருமாகக் காலம் தள்ளுகிறவர்கள் வயதால் மாணவரே. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவன் படுப்பதற்கு முன், பகல் ஷிப்டுக்குப் போகிறவன் பாயைச் சுருட்டாமல் விட்டுப்போவான். பண்டிகை நாளில் ஊருக்குப் போக முடியாதவனுக்காக மற்றவன் சட்டிச் சோறு வைப்பான். ஒப்பந்தம் முடிந்தால் பாதிப் பேர் கலைந்துவிடுவர். அவர்களுக்கு ஆண்டுமலர் கிடையாது.

2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது, அவர்களின் தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தனர். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது எந்தப் பிரமாணமும் அன்று, ஒரே பாத்திரத்தில் உண்ட சோறு. அதன்பின் வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் கட்டி, 2024 ஆகஸ்டு 17ஆம் நாள் முதலமைச்சரால் திறக்கப்பட்ட விடுதியில் 18,720 பெண்கள் தங்கலாம். பல பல்கலைக்கழகங்கள் கண்டிராத எண்ணிக்கை இது. கூரையைப் பொறுத்தவரை குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கூரையின் கீழ் அவர்கள் ஒரு மெஸ் ரெப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், படிக்கணக்கைப் பலகையில் ஒட்டச்சொல்லிக் கேட்க வேண்டும், மாலையில் ஓர் இலக்கியக் கூட்டமாவது நடத்த வேண்டும். அப்போதுதான் நடேசனார் அறிந்த பொருளில் அதனை இல்லம் என்று சொல்வேன்.

அறக்கட்டளைக் குழுவினரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த ஆண்டு இம்மேடையில் பேராசிரியர் எவரையும் அழைக்காமல், அந்த விடுதியில் தங்கி வேலைசெய்யும் பெண் ஒருவரை அழையுங்கள். தலைப்பை அவரே வைத்துக்கொள்ளட்டும். கூட்டத்தை மட்டும் ஷிப்ட் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வைக்க வேண்டும்.